கால்வெஸ்டன் விரிகுடாவில் புள்ளி ட்ரௌட் பிடிப்பது எப்படி: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஹூஸ்டனிலிருந்து தெற்கே ஒரு மணி நேரம் காரோட்டினால் கால்வெஸ்டன் தீவு வந்துவிடும். தீவுக்கும் நிலப்பகுதிக்கும் நடுவே பரந்து கிடக்கும் உவர்நீர்ப் பரப்பே கால்வெஸ்டன் விரிகுடா. கப்பல் கால்வாயை விட்டுவிட்டால் பெரும்பாலான இடங்களில் பத்து அடி ஆழம்கூடத் தேறாது. டெக்சாஸ் கரையோரத்தில் தூண்டில் போடுகிறவர்கள் அதிகம் தேடிப் போகும் மீன் இந்த ஆழமற்ற நீரில்தான் வாழ்கிறது. ஊர்க்காரர்கள் ஸ்பெக்கிள்ட் ட்ரௌட் என்றும் சுருக்கமாக ஸ்பெக் என்றும் சொல்வார்கள். அரசின் விதிப் புத்தகத்தில் ஸ்பாட்டட் சீட்ரௌட் என்று இருக்கும். டெக்சாஸ் நீரில் பிடித்த இந்த மீனை விற்பதை மாநிலச் சட்டம் 1981-லேயே தடை செய்துவிட்டதால், வஞ்சிரமும் வாவலும் வாங்கப் போகும் கடைகளில் இதை நீங்கள் பார்த்திருக்க வாய்ப்பில்லை. சாப்பிட வேண்டுமென்றால் நீங்களே பிடிக்க வேண்டும், அல்லது பிடிக்கத் தெரிந்த நண்பர் ஒருவர் இருக்க வேண்டும்.

படகு இல்லாமல், கையில் ஒரு தூண்டில் கழியோடு மட்டும் தொடங்க நினைப்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். புதியவர்கள் கடையில் செலவிடும் நேரத்தில் பாதியைத் தண்ணீரைக் கவனிப்பதில் செலவிட்டால் மீன் கிடைக்கும் என்பது என் கருத்து. ஆகவே கருவிகளைப் பற்றிச் சுருக்கமாகவும் தண்ணீரைப் பற்றி விரிவாகவும் சொல்லப் போகிறேன்.

முதலில் உரிமமும் விதிகளும்

17 வயது நிறைந்தவர்கள் டெக்சாஸ் கடல்நீரில் தூண்டில் போடுவதற்கு மீன்பிடி உரிமமும், அதனோடு உப்புநீருக்கான தனி அனுமதியும் வைத்திருக்க வேண்டும். டெக்சாஸ் பூங்கா, வனவிலங்குத் துறையின் இணையதளத்திலும், விளையாட்டுப் பொருள் கடைகளிலும் இவற்றை வாங்கலாம். ஆறு மாதங்களுக்கு மேல் தொடர்ந்து டெக்சாஸில் வசித்திருந்தால் மாநிலவாசிக்கான குறைந்த கட்டணம் போதும். உரிம ஆண்டு ஆகஸ்ட் 31-ஆம் தேதி முடிவதால், ஜூலை மாதத்தில் சாதாரண ஆண்டு உரிமம் வாங்குகிறவர் சில வாரங்களிலேயே மறுபடியும் பணம் கட்ட நேரிடும். வாங்கிய நாளிலிருந்து ஓராண்டு செல்லுபடியாகும் வகையும், ஒருநாள் உரிமமும் இருக்கின்றன, அவற்றைக் கேட்டு வாங்குங்கள். மாநிலப் பூங்காவின் எல்லைக்குள் கரையில் நின்று தூண்டில் போடுவதற்கு உரிமமே தேவையில்லை. இது உங்களுக்குப் பிடிக்குமா என்று பார்க்க விரும்பினால் கால்வெஸ்டன் தீவு மாநிலப் பூங்காவின் விரிகுடாப் பக்கம் நல்ல தொடக்கம். ஆனால் எண்ணிக்கை, நீளம் பற்றிய விதிகள் அங்கும் பொருந்தும்.

2024-ஆம் ஆண்டு மாற்றியமைத்த விதிப்படி ஒருவர் ஒரு நாளைக்கு 3 மீன்கள் வரை வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொன்றும் 15 அங்குலத்துக்குக் குறையாமலும் 20 அங்குலத்தைத் தாண்டாமலும் இருக்க வேண்டும். அதைவிட வெகு நீளமான மீன் ஒன்றை மட்டும் அதற்கென உள்ள அட்டையைக் கட்டி வைத்துக்கொள்ள வழியிருக்கிறது, அதற்கான நீளத்தையும் நிபந்தனையையும் நடப்பு ஆண்டின் விதிப் புத்தகத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன்புவரை கால்வெஸ்டனில் நாளொன்றுக்கு 10 மீன்கள் எடுத்துப் போனார்கள். 2019-இல் அது 5 ஆயிற்று. பிறகு 2021 பிப்ரவரியில் டெக்சாஸை உறைய வைத்த கடுங்குளிரில் மாநிலக் கடற்கரை முழுவதும் சுமார் 38 லட்சம் மீன்கள் செத்து மிதந்தன, அவற்றில் இந்த மீனும் கணிசமாக இருந்தது. இன்றைய கட்டுப்பாடு கடுமையாகத் தோன்றினாலும் அதில் நியாயம் இருக்கிறது என்றே நினைக்கிறேன், ஏனென்றால் 20 அங்குலத்துக்கு மேல் வளர்ந்தவை பெரும்பாலும் முட்டையிடும் பெண்மீன்கள்.

அளப்பதற்கும் முறை உண்டு. மீனை அளவுகோலின் மீது பக்கவாட்டில் கிடத்தி, வாயை மூடி, மூக்கு நுனியைக் கோலின் தொடக்கத்தில் முட்ட வைத்து, வால் துடுப்பின் இரு நுனிகளையும் விரல்களால் ஒன்றாகச் சேர்த்துப் பிடித்து, அந்த நுனி எட்டும் இடத்தைப் படிக்க வேண்டும். வாலை விரித்தபடி அளந்தால் அரை அங்குலம் குறையக்கூடும், அந்த அரை அங்குலத்துக்காக அபராதம் கட்டியவர்கள் இருக்கிறார்கள். கரைக்கு வந்து சேரும்வரை தலையையும் வாலையும் வெட்டக் கூடாது. அலைதடுப்புச் சுவரும் மீன்பிடி மேடையும் இந்த விதிக்குக் கரை ஆகாது.

மீனின் இயல்பு

பெயரில் ட்ரௌட் என்று இருந்தாலும் மலையோடைகளில் வாழும் ட்ரௌட்டுக்கும் இதற்கும் உறவில்லை. நம் கரையில் கத்தாழை, பன்னா என்று சொல்லும் மீன்களின் குடும்பத்தைச் சேர்ந்தது இது. வெள்ளி உடல், சாம்பல் பச்சை முதுகு, முதுகிலிருந்து இரண்டாம் முதுகுத் துடுப்பிலும் வாலிலும் பரவிக் கிடக்கும் வட்டக் கரும்புள்ளிகள், மேல்தாடையின் முன்னால் துருத்திக்கொண்டிருக்கும் இரண்டு கோரைப்பற்கள் ஆகியவற்றை வைத்து அடையாளம் காணலாம். இதே தண்ணீரில் இதைப் போலவே இருக்கும் சாண்ட் ட்ரௌட் என்ற சிறிய மீனுக்குப் புள்ளிகள் இருக்காது.

குடும்பத்தின் மற்ற மீன்களைப் போல இதுவும் ஒலி எழுப்பும். ஏறக்குறைய ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை நீளும் இனப்பெருக்கக் காலத்தில், பொழுது சாயும் வேளையில் ஆண்மீன்கள் காற்றுப்பையை ஒட்டிய தசைகளை அதிரவைத்துக் கரகரக்கும். பிடித்த மீன் கையில் முணுமுணுத்தால் அது ஆண் என்று கொள்ளலாம். இளம் மீன்கள் இறாலை விரும்பும். வளர வளர மடவை போன்ற மீன்களுக்கு மாறிக்கொள்ளும். பெரிய மீனைத் தேடுகிறவர்கள் பெரிய இரையைக் கட்டுவது இதனால்தான். ஆனால் புதியவருக்கு 16 அங்குல மீனே போதிய மகிழ்ச்சியைத் தரும், ஆகவே நாம் இறால் தின்னும் மீனைப் பற்றியே பேசுவோம்.

இன்னொரு இயல்பைத் தொடக்கத்திலேயே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: இதன் வாய் மெல்லிய சவ்வால் ஆனது. முள் மாட்டிய இடம் எளிதில் கிழிந்து துளை பெரிதாகிவிடும். வலித்து இழுப்பவர் கையில் வெறும் நரம்புதான், அதாவது தூண்டில் கயிறுதான், மிஞ்சும்.

கருவிகள்

ஏழு அடி நீளமுள்ள, நுனி வளைந்து கொடுக்கும் ஸ்பின்னிங் ராடு ஒன்றும், அதற்கேற்ற 2500 அல்லது 3000 அளவு ரீலும் போதும். உப்புநீருக்கென்று தயாரித்த ரீலாக இருக்க வேண்டும் என்பது மட்டுமே என் வற்புறுத்தல். மற்றபடி விலை உயர்ந்தது எதுவும் தேவையில்லை. 10 முதல் 15 பவுண்டு தாங்கும் பின்னல் நரம்பைச் சுற்றி, அதன் நுனியில் 20 பவுண்டு ஃபுளோரோகார்பன் நரம்பை இரண்டடி நீளத்துக்குக் கட்டிக்கொள்ளுங்கள். சிப்பி ஓடுகளில் உரசும்போதும் கோரைப்பல் படும்போதும் அறுந்து போகாமல் காப்பது இந்த இரண்டடிதான். ரீலின் பிடிமானத்தை, அதாவது டிராகை, நரம்பைக் கையால் இழுத்தால் தயங்காமல் வழுக்கி வரும் அளவுக்குத் தளர்த்தி வையுங்கள்.

இவை தவிர பாப்பிங் கார்க் எனப்படும் ஓசைத் தக்கைகள், நடுத்தர அளவுத் தூண்டில் முட்கள், எட்டில் ஒரு பங்கு அவுன்ஸ், கால் அவுன்ஸ் எடையுள்ள, ஜிக் ஹெட் எனப்படும் ஈயத்தலை முட்கள், மூன்று நான்கு அங்குல ரப்பர் இரைகள், நீண்ட மூக்குக் குறடு, அளவுகோல், சிறிய கைவலை, பனிக்கட்டிப் பெட்டி, உயிர் இறாலுக்குக் காற்று ஊதும் பம்பு வைத்த வாளி ஆகியவை வேண்டும். இரைக் கடைகளில் இறாலைக் குவார்ட் அளவில், அதாவது ஏறக்குறைய ஒரு லிட்டர் கணக்கில், விற்பார்கள். காலை ஆறு மணிக்குப் போனால் இருப்பு தீர்ந்திருக்கக்கூடும் என்பதால் முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டுக்கொள்வது நல்லது.

தண்ணீரைப் படிப்பது

விரிகுடா பெரியது, அதில் பெரும்பகுதி மீனற்ற வெறும் நீர். மீன் இருக்கும் சிறு பகுதியைக் கண்டுபிடிப்பதே வேலை. ட்ரௌட்டைக் கண்ணால் பார்ப்பது அரிது, ஆகவே அது தின்னும் இரையைத்தான் தேட வேண்டும். கரைக்கு வந்ததும் தூண்டிலை எடுக்காமல் பத்து நிமிடம் சும்மா நின்று பாருங்கள். மடவைக் கூட்டம் தெரிகிறதா? தெரிந்தால் அது எப்படி நடந்துகொள்கிறது? ஒரு மடவை மட்டும் தன்பாட்டில் எகிறிக் குதித்துத் தொப்பென்று விழுந்தால் அதற்குப் பெரிய பொருள் இல்லை. பல மடவைகள் ஒரே நேரத்தில், ஒரே திசையில், நீர்மட்டத்தைக் கிழித்துக்கொண்டு சிதறி ஓடினால் அவற்றைக் கீழிருந்து ஏதோ விரட்டுகிறது. இறால்கள் நீரின் மேல் துள்ளித் துள்ளித் தப்பினால் அங்கே உடனே வீச வேண்டும்.

காற்று குறைந்த நாளில் நீர்ப்பரப்பில் எண்ணெய் சிந்தியதுபோல மினுமினுப்பான ஒரு திட்டு தோன்றுவதைப் பார்க்கலாம். கீழே மீன்கள் எண்ணெய்ப் பசையுள்ள சிறுமீன்களைத் தின்று கக்கும்போது அந்த எண்ணெய் மேலே வந்து பரவுவதால் உண்டாவது இது. அதிலிருந்து வெட்டிய தர்பூசணியின் மணம் வரும். பழகிய தூண்டில்காரர்கள் சில நேரம் திட்டைப் பார்ப்பதற்கு முன்பே காற்றில் அந்த மணத்தைப் பிடித்துவிடுவார்கள். திட்டு சிறியதாகவும் ஓரங்கள் தெளிவாகவும் இருந்தால் அது இப்போதுதான் எழுந்தது, மீன் அடியிலேயே இருக்கிறது. அகன்று கலைந்த திட்டு பழையது, காற்றும் நீரோட்டமும் அதை நகர்த்தியிருக்கும், ஆகவே அது வந்த திசையை நோக்கி, மேல்காற்றுப் பக்கமாக வீச வேண்டும். புதியவர்கள் பலர் திட்டின் நடுவிலேயே வீசிக்கொண்டிருப்பார்கள், மீனோ நூறடி பின்னால் இருக்கும்.

இலையுதிர் காலத்தில் பறவைகளே வழிகாட்டும். வசந்தத்திலும் கோடையிலும் சதுப்பு நிலங்களில் வளர்ந்த வெள்ளை இறால், வடக்கிலிருந்து குளிர்காற்று இறங்கத் தொடங்கியதும் விரிகுடா வழியாகக் கடலுக்குப் புறப்படும். வழியில் ட்ரௌட் கூட்டம் அவற்றை அடியிலிருந்து மேலே துரத்தும், மேலே கடற்காகங்கள் காத்திருந்து கொத்தும். கடற்காகங்கள் ஒரே இடத்தில் கூச்சலிட்டுக்கொண்டு தாழப் பறந்து கொத்தினால் அங்கே மீன் இருக்கிறது. ஆலாக்கள் மட்டும் தலைகீழாகப் பாய்ந்தால் அவற்றை நம்பி ஓடாதீர்கள், அவை பெரும்பாலும் வெறும் பொடிமீனைப் பிடித்துக்கொண்டிருக்கும். டெக்சாஸ் தூண்டில்காரர்கள் ஆலாவைப் பொய்யன் பறவை என்றே திட்டுவார்கள். கிழக்கு விரிகுடாவிலும் டிரினிட்டி விரிகுடாவிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களில் இந்தக் காட்சி நடக்கும். அங்கே படகு வேண்டும் என்றாலும் கரையிலிருந்து எட்டும் தொலைவில் பறவைகள் வரும் நாட்களும் உண்டு.

அடுத்தது ஓதம். இங்கே ஏற்ற இறக்கம் ஓரிரு அடிதான், ஆனாலும் நீர் ஓடுகிறதா நிற்கிறதா என்பதுதான் கணக்கு. நீர் நகரும் நேரத்தில் இறாலும் சிறுமீனும் அதோடு அடித்துச் செல்லப்படும், ட்ரௌட் ஓரிடத்தில் நின்று அவற்றை எதிர்கொள்ளும். ஓத அட்டவணையைக் கைபேசியில் பார்த்து, நீர் ஓடும் இரண்டு மூன்று மணி நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். ஆனால் அட்டவணையை மட்டும் நம்பவும் முடியாது. குளிர்காற்று பலமாக வடக்கிலிருந்து அடித்தால் விரிகுடாவின் நீரைக் கடலுக்குள் தள்ளிவிடும், அட்டவணை ஏற்றம் என்று சொல்லும் நேரத்தில் கண்ணெதிரே சேறு தெரியும்.

மீன் நிற்கும் இடங்கள் எவை என்றால், இரை கடந்து போக வேண்டிய இடுக்குகளும் அடிமட்டம் மாறும் ஓரங்களும்தான். சிப்பிப் பார்களின் விளிம்பு, கால்வாய் சரிந்து ஆழமாகும் கோடு, சதுப்பு நிலத்தின் சிறு வாய்க்கால் விரிகுடாவில் கலக்கும் முகம் ஆகிய மூன்றும் முக்கியம். கடைசியாகச் சொன்ன இடத்தில் வற்றும் நேரத்தில் நில்லுங்கள், சதுப்புக்குள் இருந்த இறாலெல்லாம் அந்த ஒரே வாய் வழியாக வெளியே வரும். 2008-இல் வீசிய ஐக் புயல் இந்த விரிகுடாவின் சிப்பிப் பார்களில் பாதிக்கும் மேற்பட்டவற்றை வண்டலால் மூடிவிட்டது. பழைய வரைபடத்தில் பார் என்று குறித்திருந்தாலும் அங்கே இப்போது ஓடு இருக்கிறதா என்று ஒரு ஈயக்குண்டை அடியில் இழுத்துச் சோதித்துக்கொள்ளுங்கள். ஓடு என்றால் கழியில் கடகடவென்று தட்டும், சேறு என்றால் மந்தமாக இழுக்கும்.

நீரின் நிறத்தையும் உப்பையும் பார்க்க வேண்டும். கலங்கிய பழுப்பு நீரைவிட மணல் கலந்த பச்சை நீர் நல்லது, பழுப்பும் பச்சையும் சந்திக்கும் கோடு அதைவிட நல்லது. டிரினிட்டி, சான் ஹசின்டோ ஆறுகளில் வெள்ளம் வந்தால் மேல் விரிகுடா நன்னீராகிவிடும், ட்ரௌட் உப்பைத் தேடிக் கடல்வாய்ப் பக்கம் இறங்கிவிடும். பெருமழைக்குப் பின் வடக்கே போய் ஏமாறாமல் தீவின் பக்கம் வந்துவிடுங்கள்.

பருவத்தைப் பொறுத்தவரை மே முதல் அக்டோபர் வரை புதியவருக்கு எளிது. கோடையில் விடியலுக்கு அரை மணி முன்பே இடத்தில் இருக்க வேண்டும், வெயில் ஏறியபின் மீன் ஆழத்துக்குப் போய்விடும். தென்கிழக்குக் காற்று அடங்கி, தீவின் கடற்கரை அலைநீர் பச்சையாகத் தெளிந்த கோடைக் காலை ஒன்று கிடைத்தால் வேறு எங்கும் போகாதீர்கள். குளிர்காலத்தில் மீன் சேற்றடிக்கும் ஆழத்துக்கும் ஒதுங்கி மந்தமாகிவிடும், பெரிய மீன் தேடும் பொறுமைசாலிகளுக்கே அந்தக் காலம்.

படகில்லாதவர் நிற்கும் இடங்கள்

கால்வெஸ்டன் கடற்சுவரிலிருந்து கடலுக்குள் நீளும் பாறை வரிசைகள், டெக்சாஸ் சிட்டி டைக் என்னும் ஐந்து மைல் நீள அணைக்கரை, பெலிக்கன் தீவின் சீவுல்ஃப் பூங்கா, மேலே சொன்ன மாநிலப் பூங்கா ஆகியவை காரை நிறுத்தி இறங்கியதும் தூண்டில் போடக்கூடிய இடங்கள். பாறை வரிசைகளில் பாசி வழுக்கும், முனை ஆணி அடித்த காலணி இல்லாமல் நுனிவரை போகக் கூடாது.

என்னைக் கேட்டால் முதல் ட்ரௌட்டைப் பிடிக்க மிக எளிய வழி, கோடை இரவில் விளக்கு எரியும் மீன்பிடி மேடைக்குப் போவதுதான். விளக்கொளிக்குப் பொடிமீனும் இறாலும் கூடும்; வெளிச்சமும் இருளும் சந்திக்கும் கோட்டுக்குச் சற்று வெளியே, நிழலில் ட்ரௌட் நின்றுகொண்டு உள்ளே பாய்ந்து பாய்ந்து எடுக்கும். எல்லோரும் வெளிச்சத்தின் நடுவில் போடுவார்கள். நீங்கள் இருட்டில் போட்டு வெளிச்சத்தை நோக்கி இழுத்து வாருங்கள். வெயில் இல்லை, குழந்தைகளையும் அழைத்துப் போகலாம்.

இறாலும் ஓசைத் தக்கையும்

பாப்பிங் கார்க் என்பது மேல்பக்கம் குழிவாக வெட்டிய தக்கை. உள்ளே செல்லும் கம்பியில் மணிகள் கோத்திருக்கும். தக்கைக்குக் கீழே ஒன்றரை முதல் இரண்டடி நரம்பைக் கட்டி, அதன் நுனியில் முள்ளைக் கட்டுங்கள். வாளியிலிருந்து ஓர் இறாலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கண்ணாடி போன்ற தலைக்குள், கொம்புக்குப் பின்னால் கரும்பொட்டு ஒன்று தெரியும். அதில் முள் பட்டால் இறால் அப்போதே செத்துவிடும். அந்தப் பொட்டுக்கு முன்னால், கொம்பின் அடியில் பக்கவாட்டாக முள்ளைச் செலுத்தினால் இறால் நெடுநேரம் உயிரோடு துள்ளும்.

மெதுவாக, வீசுகையில் இறால் பிய்ந்து போகாதபடி, கழியைப் பக்கவாட்டில் சுழற்றி வீசுங்கள். தக்கை நிலைத்ததும் தளர்ந்து கிடக்கும் நரம்பைச் சுற்றிக்கொண்டு, கழி நுனியைச் சட்டென்று இழுத்து ஒரு வெட்டு வெட்டுங்கள். தக்கை தண்ணீரை விழுங்கி 'களக்' என்று ஒலிக்கும், மணிகள் கிலுங்கும். இன்னொரு வெட்டு. பிறகு பத்துப் பதினைந்து நொடி சும்மா விடுங்கள். ட்ரௌட் நீர்மட்டத்தில் இறாலை உறிஞ்சும் ஓசையை இது ஒத்திருப்பதால் அருகிலுள்ள மற்ற மீன்கள் பங்கு கேட்டு வரும். வெட்டும்போது இறால் மேலே எழும், விடும்போது மெல்லத் தாழும், அந்தத் தாழ்வில்தான் பெரும்பாலும் கடிக்கும். ஓயாமல் வெட்டிக்கொண்டே இருப்பவருக்கு ஓசை மட்டுமே மிச்சம்.

தக்கை பக்கவாட்டில் ஓடினாலோ அமிழ்ந்தாலோ கழியைப் பின்னால் சுண்டாதீர்கள். நரம்பைச் சுற்றி இறுக்கி, பாரம் தெரிந்ததும் கழியை நிதானமாக உயர்த்தினால் போதும், முள் தானே பதியும். ஒரு இடத்தில் பதினைந்து இருபது நிமிடம் எதுவும் தொடவில்லை என்றால் நகர்ந்துவிடுங்கள். ஒன்று கடித்தால் அசையாதீர்கள், இந்த மீன் கூட்டமாக அலைவது.

உயிர் இறாலை எல்லாம் கொத்தும், முக்கியமாக சிறு பின்ஃபிஷ்களும் கெளுத்திகளும். இறால் செலவு கட்டுப்படியாகவில்லை என்று தோன்றும் நாளில் ரப்பர் இரைக்கு மாறிக்கொள்ளலாம். ஜிக் ஹெட்டில் நேராகக் கோத்து, வீசி, அடியைத் தொடவிட்டு, கழி நுனியை இரண்டு முறை மெல்லத் தட்டி, மறுபடி விழவிட்டு வர வேண்டும். கோணலாகக் கோத்தால் இரை தண்ணீரில் சுழலும், எந்த மீனும் தொடாது. கலங்கல் நீருக்கு அடர்நிறம், தெளிந்த நீருக்கு வெளிர்நிறம் என்று தொடங்குங்கள். நிறத்தைப் பற்றிக் கடைக்காரர்கள் சொல்வதை நான் பாதிதான் நம்புவேன், ஆழமும் வேகமும் சரியாக இருந்தால் நிறம் பின்னால் வரும் விஷயம்.

மாட்டிய பிறகு

ட்ரௌட் நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து தலையை உதறும், அப்போதுதான் முள் கழன்று போகும். கழியைத் தாழ்த்திப் பக்கவாட்டில் வைத்துக்கொண்டு, நரம்பு தளரவிடாமல், ஒரே சீராகச் சுற்றுங்கள். மீன் ஓட விரும்பினால் ஓடட்டும். கரைக்கருகே வந்ததும் நரம்பைப் பிடித்துத் தூக்காமல் வலையைத் தண்ணீருக்குள் இறக்கி மீனை அதன்மேல் கொண்டுவாருங்கள்.

விட்டுவிட வேண்டிய மீனை நனைந்த கையால் பிடியுங்கள், உலர்ந்த துணியால் பிடித்தால் உடலின் வழவழப்பு உரிந்து நோய் தொற்றும். செவுளில் விரல் விடாதீர்கள். முள்ளைத் தொண்டைக்குள் விழுங்கியிருந்தால் தோண்டி எடுக்க முயலாமல் நரம்பை அறுத்து விடுவதே அதன் உயிருக்கு நல்லது.

தண்ணீரில் இறங்குபவர்களுக்கு

இடுப்பளவு நீரில் இறங்கி நின்று பிடிப்பது இங்கே பெரிய வழக்கம், இன்பமானதும்கூட. ஆனால் நான்கு விஷயங்கள் தெரியாமல் இறங்கக் கூடாது. முதலாவது திருக்கை. மணலில் புதைந்து கிடக்கும் திருக்கையை மிதித்தால் வால்முள் கணுக்காலில் பாயும். காலைத் தூக்கி வைக்காமல் அடியை உரசித் தேய்த்துக்கொண்டே நடந்தால் அது அதிர்வை உணர்ந்து விலகிவிடும். குத்திவிட்டால் தாங்கக்கூடிய அளவு சூடான நீரில் காலை அரை மணி நேரத்துக்கு மேல் வைத்திருப்பது வலியைத் தணிக்கும், பிறகு மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

இரண்டாவது விப்ரியோ என்னும் பாக்டீரியா. வெதுவெதுப்பான உவர்நீரில் இயல்பாகவே இருப்பது. திறந்த காயம் வழியாகப் புகுந்தால் சில மணி நேரத்தில் தசையை அழிக்கத் தொடங்கும். உடலில் வெட்டோ புண்ணோ இருந்தால் இறங்காதீர்கள். கல்லீரல் நோயோ நீரிழிவோ உள்ளவர்கள் கரையிலேயே நிற்பது உத்தமம். தண்ணீரில் இருக்கும்போது சிப்பி ஓடு கீறினால் உடனே வெளியேறி நன்னீரும் சோப்பும் கொண்டு கழுவுங்கள். மறுநாள் அந்த இடம் சிவந்து வீங்கினால் மருத்துவமனைக்குப் போய், கடல்நீரில் பட்ட காயம் என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

மூன்றாவது நீரோட்டம். தீவின் மேற்கு முனையிலுள்ள சான் லூயிஸ் பாஸ் பார்ப்பதற்கு அமைதியான மணல்திட்டாக இருக்கும்; அங்கே காலடி மணல் சரிந்து இழுபட்டு இறந்தவர்கள் பலர். புதியவர்கள் அங்கே இறங்கவே வேண்டாம். மற்ற இடங்களிலும் உயிர்காப்பு அங்கியை அணிந்து, துணையோடு இறங்குங்கள். இடியோசை கேட்டால் கழியைக் கீழே வைத்துவிட்டுக் காருக்குள் போய்விடுங்கள்.

நான்காவது, பிடித்த மீனைக் கயிற்றில் கோத்து இடுப்பில் கட்டிக்கொள்வது. சுறா வந்து அதைப் பிடுங்கும். கயிறு நீளமாகவும் எளிதில் கழற்றக்கூடியதாகவும் இருக்கட்டும். கடல் கெளுத்தியின் முள்ளைப் பற்றி நம்மவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. குறடால் பிடித்துக் கழற்றுங்கள்.

சமையலறைக்குப் போகும் முன்

இதன் சதை மென்மையானது, வெயிலில் விரைவில் குழைந்துவிடும். பிடித்த உடனே செவுளை அறுத்து இரத்தத்தை வடித்து, பனிக்கட்டியும் சிறிது கடல்நீரும் கலந்த பெட்டிக்குள் முழுதாக அமிழ்த்துங்கள். குழம்பில் போடுவதானால் எல்லாம் கொதித்து அடங்கிய பின் கடைசியில் போட்டு, கரண்டியால் கிளறாமல் பாத்திரத்தைச் சுழற்றி இறக்க வேண்டும். இல்லாவிட்டால் துண்டு கரைந்துவிடும். மிளகாய்த்தூளும் மஞ்சளும் எலுமிச்சையும் தடவி, தோலோடு வறுப்பதற்கே இது பொருத்தமானது. உறைய வைத்தால் சுவை கெடும், அன்றைக்கோ மறுநாளோ சமைத்துவிடுங்கள்.

சதையை வெட்டும்போது முதுகுப் பகுதியில் நூல் போன்ற வெள்ளைப் புழு ஒன்றிரண்டு தென்படலாம். சுறாவின் குடலில் முதிர்ச்சியடையும் ஒட்டுண்ணியின் இளம்பருவம் அது. மனிதருக்குள் வாழாது, கத்தி நுனியால் எடுத்துவிட்டு நன்றாக வேகவைத்தால் கவலை இல்லை. கவலைப்பட வேண்டியது வேறு ஒன்று. ஹூஸ்டன் கப்பல் கால்வாயிலும் மேல் விரிகுடாவிலும் டையாக்சின், பிசிபி ஆகிய தொழிற்சாலை நச்சுகள் மீனில் சேர்ந்திருப்பதால், அங்கே பிடித்ததை எவ்வளவு உண்ணலாம் என்பதற்கு மாநிலச் சுகாதாரத் துறை வரம்பு விதித்திருக்கிறது. கருவுறும் வயதிலுள்ள பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் அது இன்னும் கடுமையானது. எந்தப் பகுதிக்கு எந்த அறிவுரை என்பதை அத்துறையின் வரைபடத்தில் பார்த்துவிட்டே அந்தப் பக்கத்து மீனை வீட்டுக்குக் கொண்டு வாருங்கள்.

இரவே கழியையும் ரீலையும் நன்னீரால் கழுவிவிடுங்கள். குழாயை வேகமாகத் திறந்து பீய்ச்சினால் உப்பு ரீலுக்குள் புகுந்துவிடும், ஆகவே டிராகை இறுக்கிவிட்டு மெல்லிய தூறலாகத் தெளித்து, துடைத்து, பிறகு டிராகைத் தளர்த்தி நிழலில் சாய்த்து வைத்தால் போதும்.